போகாத இடத்துக்குப் போகும் வண்டி

நான்கு சில்லுகளும் ஒருங்கே இழுக்கும் பழைய லாண்ட் றோவர் ஒன்றுக்கு நான் சொந்தக்காரன். கட்டுரையை இவ்வாறு தொடங்குவது தற்பெருமையாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும், இத்தகைய வண்டிகளின் நிறைகுறைகளைப் பேசப் புகுபவன் தனக்கும் அவற்றுக்கும் உள்ள உறவை முன்னரே வெளியிட்டுவிடுவது நேர்மை. நீர்ப்பாசன வேலையோடு வன்னிக் குளக்கட்டுகளிலும் காட்டுப் பாதைகளிலும் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அந்நாளில் என்னைச் சுமந்து திரிந்த வண்டியின் உடன்பிறப்பு ஒன்றை, 2004ஆம் ஆண்டு, போர் ஓய்ந்திருந்த வேளையில் ஏலத்தில் எடுத்தேன். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 88 அங்குலம் கொண்ட குட்டை வண்டி. என் மனைவியார் அதனை இன்றும் "பழைய இரும்பு" என்றே குறிப்பிடுவார். அதன் மேலுடல் இரும்பன்று, அலுமினியக் கலப்புத் தகடு என்று நான் எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

இவ்வண்டிகளைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 பெப்ரவரியில், தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. அதற்குச் சற்று முன்னர், அதே ஆண்டு ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தின் பெயரால் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டப்பட்டிருந்த மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் பொலிசார் கழற்றுவிக்கத் தொடங்கினர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. இறக்குமதி, பொலிஸ், புயல் என்று இம்மூன்றும் பத்திரிகையின் வெவ்வேறு பக்கங்களில் வந்த செய்திகள். என்னைப் போன்ற வண்டிக்காரனுக்கோ இவை மூன்றும் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன. ஒருவன் தன் வண்டியை எவ்வளவு மாற்றலாம், மாற்றிய வண்டியில் எதுவரை போகலாம் என்பதே அக்கேள்வி.

பழங்கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1940இல் அமெரிக்க இராணுவம் கேட்டதற்கிணங்க உருவாகி, 1941 முதல் வில்லிஸ், போர்ட் என்னும் இரு நிறுவனங்களின் தொழிற்சாலைகளில் ஆறு இலட்சத்துக்கும் மேலாக வார்க்கப்பட்ட ஜீப், இரண்டாம் உலகப் போரோடு உலகமெங்கும் பரவியது. போர் முடிந்தபின், இங்கிலாந்தில் றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த மோரிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டு அங்கில்சீத் தீவிலிருந்த தம் பண்ணையில் அத்தகைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது பழுதானால் மாற்றுவதற்கு நம் நாட்டு வண்டி ஒன்றும் இல்லையே என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே லாண்ட் றோவர். 1948 ஏப்ரல் 30ஆந் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது முதன்முதல் வைக்கப்பட்டது. போருக்குப் பின் உருக்குக்குப் பங்கீடு இருந்தமையால் உடலை அலுமினியத்தால் செய்தார்கள். பங்கீட்டின் பயனாய் வந்த அவ்வுடல் நமது மழைக்கும் உப்புக்காற்றுக்கும் துருவேறாது நின்றமையைத் தற்செயலான அருள் என்றே சொல்ல வேண்டும். அடிச்சட்டம் மட்டும் உருக்கு; அது துருவேறும். என் வண்டியின் அடிச்சட்டத்தில் ஒட்டுப்போடாத இடம் எது என்பதை ஒட்டுப்போட்டவரே இப்போது மறந்திருப்பார்.

தேயிலைத் தோட்டத் துரைமாருக்கும், மலேரியா ஒழிப்புக்காரருக்கும், நில அளவையாளருக்கும், எங்களைப் போன்ற குளத்து உத்தியோகத்தருக்கும் இவ்வண்டி இன்றியமையாததாயிற்று. காரணம் அதன் வேகமன்று. சாரதியின் அருகே மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புப் பிடி ஒன்றும் இருக்கும். மஞ்சளை அழுத்தினால் முன்சில்லுகளும் இழுக்கும். சிவப்பைப் பின்னிழுத்தால் கியர் தாழ்ந்து, ஆள் நடக்கும் வேகத்தில், ஆனால் பன்மடங்கு இழுவலிமையோடு வண்டி ஊரும். இத்தனை இருந்தும் அது சேற்றில் நிற்பதுண்டு. ஏனெனில் அச்சின் நடுவிலுள்ள 'டிபரென்சியல்' என்னும் பற்சில்லுத் தொகுதி, வளைவிலே வெளிச்சில்லு கூடுதலாகச் சுழல்வதற்கென்று அமைந்தது. ஒரு பக்கச் சில்லு வழுக்கிச் சுழன்றால் அது அச்சுழற்சி முழுவதையும் அங்கேயே கொடுத்துவிடும். மறுபக்கச் சில்லு பார்த்துக்கொண்டு நிற்கும். முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் வழுக்கிவிட்டால் நான்கு சில்லு வண்டியும் நாற்காலிதான். அதைத் தவிர்க்கவே டிபரென்சியலுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். வண்டியை மாற்றியமைப்பதென்னும் கலையில் உண்மையான பயன் தருபவை இத்தகைய, வெளியே தெரியாத காரியங்களே.

மாற்றியமைத்தல் என்றால் இன்று இளைஞரின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கின்றனர். யாழ்ப்பாணத்தார் அப்படி நினைக்க நியாயமில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் காண்பதற்கரிய பொருளாயிற்று. அப்போது ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் காத்துவைத்த பெற்றோலைத் துளித்துளியாக விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் சொல்லி முடியா. ஆனால் பிரசவத்துக்குப் போன கார்களும் காயப்பட்டோரை ஏற்றிய கார்களும் அவைதாம். அக்காலத்துக் கராஜ்காரர் எவரும் கண்காட்சிக்காக வண்டியை மாற்றவில்லை. தேவை கையைப் பிடித்து வேலை வாங்கியது. என் வண்டியின் பெற்றோல் இயந்திரத்தைக் கழற்றி யப்பானிய டீசல் இயந்திரம் பூட்டித் தந்தவர் அந்தப் பள்ளியில் படித்தவரே. வேலை முடிந்தபோது அவர் என்னிடம், "ஐயா, இனி இது லாண்ட் றோவரும் இல்லை, யப்பானும் இல்லை. கொக்குவிலில பிறந்தது" என்றார்.

இறக்குமதி நின்றிருந்த ஐந்து ஆண்டுகளில் இக்கலை நாடெங்கும் பெருகிற்று. புதியது வராதபோது பழையதன் விலை ஏறும். விலை ஏறினால் அதற்குச் செலவழிக்கவும் மனம் வரும். கொட்டிலில் கோழி அடைந்திருந்த ஜீப்புகளெல்லாம் வெளியே வந்தன. கதவு திறந்தபின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, அவற்றின்மேல் நூற்றுக்கு 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கியபின் புதிய 'போர் வீல்' வண்டியின் விலையைக் கேட்டால், அதற்கு ஊரில் வீடும் வளவும் வாங்கலாமே என்று தோன்றும். ஆகவே பழைய வண்டியை உயர்த்துவதும், பெரிய டயர் போடுவதும், முன்னால் இரும்புக் கொம்பு வைப்பதும், கூரைமேல் விளக்குச் சரம் கட்டுவதும் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டன.

என் சகோதரியின் மகன் ஒருவன் இவ்விடயத்தில் வல்லவன். தடைக்கு முன்னர் வந்த யப்பானிய ஜீப் அவனுடையது. அதை நான்கு அங்குலம் உயர்த்தி, இரவைப் பகலாக்கும் விளக்குகளும் பூட்டியிருந்தான். சென்ற ஆண்டு வைகாசியில் இருவரும் எமது வண்டிகளோடு வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுக்குப் போனோம். பெயருக்கேற்ற இடம் அது. காற்று குவித்த மணற்குன்றுகள். நகர்ந்துவந்த மணலால் மூடுண்டு, இடிந்த சுவர்கள் மட்டும் வெளியே தெரியும் பழைய அந்தோனியார் கோவில். மருமகன் குன்றின்மேல் ஏற்றினான். பாதி வழியில் அவனுடைய ஜீப் அச்சுவரை மணலுள் இறங்கிற்று. அவன் வேகத்தைக் கூட்டக் கூட்ட வண்டி தனக்குத் தானே குழி தோண்டியது. நான் இறங்கிச் சென்று அவனுடைய டயர்களில் காற்றைத் திறந்துவிட்டேன். சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தலாக இருந்ததை 16 ஆக்கியதும் டயர் பரந்து, ஒட்டகத்தின் பாதம்போல மணலில் மிதந்தது. வண்டி தானே பின்வாங்கி வெளியே வந்தது. "இவ்வளவுதானா மாமா?" என்றான். அவன் செலவழித்த இலட்சங்களால் ஆகாதது ஒரு சதமும் செலவில்லாமல் ஆயிற்று. திரும்பி வீதியில் ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நிரப்பாது வேகமாக ஓடினால் டயர் சூடேறிக் கிழியும்.

எனது வெற்றிச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. சற்றுத் தொலைவில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். எங்கள் சில்லுகள் கிழித்துப் போட்டிருந்த அடம்பன் கொடியைக் காலால் தள்ளிக் காட்டி, "ஐயா, நீங்கள் போயிடுவியள். மணல் எங்கட வீட்டுக்குத்தான் வரும்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் பழமொழி. அக்கொடியும் இராவணன் மீசையும் பின்னிப் படர்ந்தே அக்குன்றுகள் கட்டுண்டு நிற்கின்றன. அவை அறுந்த இடத்தில் காற்று மணலை அள்ளிக்கொண்டு போகும். மணல் ஒரு கோவிலையே மூடிய ஊரில் நின்றுகொண்டு அவருக்கு நான் என்ன விடை சொல்வது? நாற்பது ஆண்டுகள் குளக்கட்டில் மாடு ஏறினால் புல் அழியும், புல் அழிந்தால் கட்டு அரிக்கும் என்று கமக்காரருக்குப் புத்தி சொல்லித் திரிந்தவன் நான்.

அன்று முதல் இவ்வண்டிகளைப் பற்றிய செய்திகளை வேறு கண்ணோடு படிக்கலானேன். 2022 ஒக்டோபரில் யால தேசிய வனத்துள் பல 'போர் வீல்' வண்டிகள் பாதையை விட்டிறங்கித் தாறுமாறாக ஓடிய காணொளிகள் பரவி நாட்டையே கோபப்படுத்தின, வழக்கும் தொடரப்பட்டது. அந்த ஆண்டு எத்தகையது என்பதை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு ஜூலையில்தான் கியூஆர் அட்டை வந்து, ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று எரிபொருள் அளந்து கொடுக்கப்பட்டது. கமக்காரன் நீர் இறைக்க மண்ணெண்ணெய் தேடி அலைந்த காலம். கோபத்துக்குக் காரணம் காட்டின்மேல் உள்ள அன்பு மட்டுமென்று நான் நினைக்கவில்லை.

அந்தச் சம்பவம் பேசப்பட்ட அளவுக்கு யாலவின் அன்றாட நிலை பேசப்படவில்லை. அதன் முதலாம் தொகுதி ஏறத்தாழ 14,100 ஹெக்டேயர். சிறுத்தையைக் காணும் வாய்ப்பு அங்கே மிகுதி என்பதால் பருவகாலத்தில் ஒரே நாளில் பல நூறு ஜீப்புகள் நுழைகின்றன. அவை அனைத்தும் மாற்றியமைக்கப்பட்டவையே. பின்புறத்தை வெட்டி, படிப்படியாக உயர்ந்த ஆசனங்களும் கூரையும் அமைத்து, சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்ப்பதற்கேற்ப உயர்த்தியிருக்கிறார்கள். எங்கோ ஒரு மரத்தில் சிறுத்தை படுத்திருக்கும் செய்தி கைப்பேசியில் பறந்ததும் எல்லா வண்டிகளும் அம்மரத்தடிக்கு ஓடும். பாதையை விட்டு இறங்காமலே ஒரு காட்டைத் துன்புறுத்த முடியும் என்பதற்கு அந்நெரிசல் சாட்சி. ஜீப் ஓட்டுபவரை மட்டும் குறைகூறுவதும் நியாயமன்று. அவருக்குக் கடன்மேல் வாங்கிய வண்டி, சிறுத்தையைக் காட்டாவிட்டால் முகம் சுளிக்கும் பயணி. அங்கே குறைக்க வேண்டியது நுழையும் வண்டிகளின் எண்ணிக்கையை. அதைச் செய்யாமல் சாரதிக்கு ஒழுக்கப் பாடம் நடத்துவது எளிதாயிருப்பதால் அதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வண்டியைப் பார்க்கிறது. 1937ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டைப் பார்க்கிறது. மணற்குன்றில் வண்டி ஏறும்போது இரண்டில் எந்தக் கண் விழிக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நான் இயந்திரம் மாற்றியபோது அதை முறைப்படி பதிவுசெய்தேன்; அது தெளிவான விதி. ஆனால் மற்ற மாற்றங்களைப் பற்றி விசாரித்தபோது மூன்று கதவுகளில் மூன்று விடைகள் கிடைத்தன. ஒரு பரிசோதனையில் உத்தியோகத்தர் ஒருவர், என் வண்டியின் முன்கண்ணாடி ஓரமாக மேலெழும் காற்றுக் குழாயைத் தொட்டு, "இது என்ன அலங்காரம்?" என்றார். ஆழநீரைக் கடக்கும்போது இயந்திரம் நீரை உறிஞ்சாது மேலிருந்து மூச்சுவிடுவதற்கான குழாய் அது என்றேன். கழற்றுவது நல்லது என்று சொல்லி அனுப்பினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையிலும் பட்டியல் ஒன்று இருக்கவில்லை.

அயலில் இந்தியாவில் 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றத்துக்கும் மேலான அதன் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று கண்டிப்பாகத் தீர்ப்பளித்தது. அவுஸ்திரேலியாவில் வேறு வழி. எவ்வளவு உயர்த்தலாம், எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்பதை மில்லிமீற்றர் கணக்கில் எழுதி வைத்து, அதற்கு மேற்பட்டால் அங்கீகாரம் பெற்ற பொறியியலாளரின் சான்றிதழ் கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவதே ஏற்புடையது. வண்டியை உயர்த்தினால் அதன் புவியீர்ப்பு மையமும் உயரும். கூரைமேல் சுமையும் ஏற்றினால் ஒரு திடீர்த் திருப்பத்தில் கவிழும். முன்னாலுள்ள இரும்புக் கொம்பு பாதசாரியின் நெஞ்செலும்பை முறிக்கும். அதனாற்றான் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அவற்றுக்கென்றே தனி விதி வகுத்தது. எதிரே வருபவனைக் குருடாக்கும் விளக்குக்கும் நியாயம் கிடையாது. ஆனால் இவற்றையும் என் காற்றுக் குழாயையும் ஒரே கூடையில் போடுவது அறியாமை.

அதை டித்வா காட்டிற்று. அந்தப் புயலில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டில் மண் சரிந்தது. எங்கள் பக்கத்தில் அருவியாறு பெருகி மன்னாரின் பல ஊர்கள் நீருள் அமிழ்ந்தன. கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள ஓர் ஊருக்கு அரிசியும் குழந்தைகளுக்குப் பால்மாவும் கொண்டுபோக ஆட்களும் பொருளும் இருந்தன, வண்டி இல்லை. மருமகன் கூப்பிட்டான். இரண்டு வண்டிகளும் புறப்பட்டன. ஓரிடத்தில் வீதியின் மேல் இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலான நீர். சூடேறிய அச்சு திடீரெனக் குளிர்நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி எண்ணெய்க்குள் நீரை இழுத்துவிடும். அதற்காக அச்சின் மூச்சுத் துளைகளுக்கும் நான் மேலே குழாய் ஏற்றியிருந்தேன். ஊர்க்காரர் ஒருவர் கம்பொன்றால் வீதியின் விளிம்பைத் தடவிக் காட்டியபடி முன்னே நடந்தார். நான் சிவப்புப் பிடியை இழுத்து, நடைவேகத்தில் அவர் பின்னே போனேன். பொருளை இறக்கும்போது இரவாகிவிட்டது, மின்சாரம் இல்லை. மருமகனின் விளக்குச் சரத்தை அன்றுதான் நான் முதன்முதலாக வாழ்த்தினேன். அந்த வெளிச்சத்தில் பெண்கள் கைக்குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள்.

ஆகவே விளக்கைக் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீதியில் ஓடும்போது மூடியிட்டு மூடிவைக்க வேண்டும் என்று விதி செய்தால் போதும். எந்த மாற்றத்துக்குச் சான்றிதழ் வேண்டும், எது எப்போதுமே ஆகாது என்பதை மோட்டார்த் திணைக்களம் மூன்று மொழிகளிலும் ஒரு தாளில் அச்சிட்டுப் பரிசோதகர் கையிலும் கராஜ் சுவரிலும் கிடைக்கச் செய்யலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அதைவிட முக்கியமானது, மணற்குன்றுகளிலும் கடலாமை முட்டையிடும் கரைகளிலும் வண்டி எந்த எல்லைக்கு அப்பால் போகலாகாது என்று கல் நட்டுக் காட்டுவது. ஆமைக்குஞ்சுக்கு டயர்த் தடம் ஒன்று ஏற முடியாத பள்ளம். கடலுக்குப் போகாமல் அதற்குள்ளேயே ஓடி ஓடிச் சாகும். இதை அறிந்த பின்னும் அங்கே ஓட்டுபவர் சிலர் இருக்கலாம். அறியாமல் ஓட்டுபவரே அதிகம் என்பது, அவர்களில் ஒருவனாக இருந்த என் அநுபவம்.

மணற்காட்டுக்கு இந்த ஆண்டும் போனோம். வண்டிகளைத் தார் வீதி முடியும் இடத்தில் விட்டுவிட்டு நடந்தோம். எனக்கு முழங்கால் நோவு. மருமகனுக்கு முகம் நோவு. வலை பொத்தும் முதியவரைக் காணவில்லை. தொழிலுக்குப் போயிருப்பார் என்றார்கள். காற்றுக் குழாயை நான் கழற்றவில்லை. அரிசி மூட்டைகளுக்காக மன்னாரில் கிராம அலுவலர் எழுதித் தந்த பற்றுச்சீட்டு ஒன்று வருமான அனுமதிப் பத்திரத்தோடு சேர்த்து வண்டியிலேயே இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் இது என்ன அலங்காரம் என்று கேட்கப்படின், அதனைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.